கிரேக்க இலட்சியமும் இத்தாலியத் தேசியமும்

விடுதலையை விழையும் மக்கள் தம் முன்னோரின் புகழை நாடுதல் இயல்பு. இத்தாலியர்க்கு உரோமப் பேரரசின் பெருமை அண்மையிலேயே இருந்தது. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அந்நாட்டுப் பெருங்கவிஞர் இருவர் தம் மக்களைத் தட்டியெழுப்புதற்குக் கிரேக்கத்தை நாடினர். அதன் காரணம் ஆராயத்தக்கது.

உகோ பொஸ்கொலோ 1778 இல், வெனிஸ் ஆட்சிக்கு உட்பட்டிருந்த சாகிந்தொஸ் என்னும் கிரேக்கத் தீவிலே, கிரேக்கத் தாயின் மகனாகப் பிறந்தவர். 1797 இல் நெப்போலியன் வெனிஸை ஒஸ்திரியாவுக்குக் கையளித்தமை அவர் உள்ளத்திலே ஆறாப் புண்ணாயிற்று. 1807 இல் வெளிவந்த ‘கல்லறைகள்’ என்னும் அவரது பாடல், மரதன் போர்க்களத்தையும் புளோரன்ஸ் நகரத்துச் சாந்தா குரோச்சே ஆலயத்தையும் இணைத்துக் காட்டுகின்றது. மக்கியவெல்லி, மைக்கலாஞ்சலோ, கலிலியோ ஆகியோர் துயிலும் அவ்வாலயமே நாடிழந்தார்க்கு எஞ்சிய செல்வம். மாண்டாரை மறவாமையே நாட்டுணர்வின் வேர் என்பது அவர் கருத்து.

லெயோபார்டி 1818 இல், தமது இருபதாம் வயதிலே, ‘இத்தாலிக்கு’ என்னும் பாடலை இயற்றினார். கி. மு. 480 இல் தெர்மொப்பிலேக் கணவாயில் மடிந்த கிரேக்க வீரரைச் சிமொனிடீஸ் என்னும் பழம்புலவர் வாயிலாக அவர் போற்றுகின்றார். தாய்நாட்டுக்காக மடிந்த அவர்களையும், அந்நியர் பொருட்டு மடிந்த இத்தாலிய இளைஞரையும் ஒருங்கு வைத்துக் காண்போர் உள்ளம் உருகும். எனினும், வீரமரணத்தின் மீதுள்ள வேட்கை அப்பாடலிலே சிறிது மிகுந்துவிடுகின்றது.

பொஸ்கொலோவின் பார்வை இதனினும் ஆழமானது. அவர் பாடல் வென்றார் புகழுடன் முடியவில்லை; தோற்ற துரோய் நகரத்து வீரனாகிய ஹெக்டரை நினைந்தே முடிகின்றது. பகைவனுக்கும் அழியாப் புகழ் அளித்தவர் கிரேக்கரின் ஆதிகவியாகிய ஹோமரே. பண்டைக் கிரேக்கரிடத்து அடிமைமுறையும் ஆதிக்க வேட்கையும் இருந்தன என்பது மெய். எனினும், இக்கவிஞர் தெரிந்தெடுத்தவை அவையல்ல. படையெடுத்து வந்த பேரரசை எதிர்த்து நின்ற உறுதியும், வீழ்ந்தார்க்கு இரங்கும் பண்புமேயாம். பிறரை ஆண்ட உரோமத்தின் வரலாறு, அந்நியர்க்கு அடிமைப்பட்டார்க்கு அத்துணைப் பொருந்தும் வழிகாட்டியன்று.

பிற்காலத்திலே, 1922 இல் ஆட்சிக்கு வந்த முசோலினி உரோமப் பேரரசுக் கனவையே மீட்டெடுத்தார். 1935 இல் எதியோப்பியா மீது படையெடுத்தார். பழம்பெருமை எதுவாயினும் நன்மை பயக்கும் என்பார்க்கு இஃது எச்சரிக்கையாகும். பழமையிலே எதனைப் போற்றுகின்றோம் என்பதைப் பொறுத்தே தேசியத்தின் பண்பும் அமையும்.

பொஸ்கொலோ 1827 இல் இலண்டன் அருகே வறுமையில் இறந்தார். இத்தாலி ஒன்றுபட்ட பின்னர், 1871 இல், அவரது எலும்புகள் சாந்தா குரோச்சே ஆலயத்துக்குக் கொணரப்பட்டன. கல்லறைகளைப் பாடியவர்க்கு அவர் பாடிய இடத்திலேயே கல்லறை அமைந்தது.