ஒரே மாவட்டம், இரு முடிபுகள்: சமூக ஆய்வை மதிப்பிடும் முறை

செங்கற்பட்டு மாவட்டச் சிற்றூர்களில் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் இருவர், சாதி பற்றி எதிரெதிர் முடிபுகளை எய்தினர். அடித்தளத்தில் உள்ளோர்க்குச் சாதி பொருளியல் சுரண்டலாகவே தோன்றுகிறது என்றது ஜோன் மென்சர் 1974இல் வெளியிட்ட கட்டுரை. ஒடுக்கப்பட்டோர் தமக்குள்ளும் அதே படிநிலையைப் படியெடுத்துக்கொள்கின்றனர். ஆதலின் மேலோர் பண்பாட்டுடன் கருத்தொருமை உடையவர் என்றது மைக்கேல் மொஃபாத்தின் 1979ஆம் ஆண்டு நூல்.

எவர் கூற்று மெய் என வினவுமுன், எவர் எதனைச் சான்றாகக் கொண்டார் என வினவுதல் வேண்டும். மொஃபாத் பெரிதும் சார்ந்தவை சடங்கு, வழிபாடு, உட்பிரிவுகளின் தரவரிசை ஆகியவை. மென்சர் சார்ந்தவை நிலம், கூலி, உழைப்போரின் சொற்கள். மணிமேகலை கூறும் காண்டல், கருதல் என்னும் அளவைகள் இங்கே துணைபுரியும். சடங்கு காணப்படுவது, உடன்பாடு கருதப்படுவது. வாழ்வுக்கு நிலவுடைமையாளரை நம்பியிருப்பவர் ஒரு வழக்கத்தைப் பின்பற்றுவது ஒப்புதலாலும் ஆகலாம், அச்சத்தாலும் ஆகலாம். மொஃபாத்தின் வாதம் தளர்வது இவ்விடத்திலேயே. எனினும் அவர் பதிவுசெய்த உட்பிரிவு ஏற்றத்தாழ்வைப் புறந்தள்ளலாகாது. சுரண்டல் என்னும் ஒரு காரணத்தால் மட்டும் அதனை விளக்கிவிட இயலாது.

அயலகத்தில் பிறந்த தமிழ் மாணவர் பலர் தமிழகச் சிற்றூரை இத்தகைய நூல்கள் வழியே அறிகின்றனர். அவர்க்கு முடிபுகளைக் கற்பிப்பதினும், கண்டதற்கும் கருதியதற்கும் இடையுள்ள தொலைவை அளக்கக் கற்பிப்பதே நம் கடன்.