99.35-க்கும் 31-க்கும் நடுவில் ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்

போன வாரம் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, டைட்டில் ஓகே ஆயிடுச்சு. டீப் லேர்னிங் வச்சு இலை நோய் கண்டுபிடிக்கிறது. பேஸ் பேப்பர்ல 99.35 சதவீதம் வந்திருக்கு. நாங்க 99.6 ஆவது காட்டணும்னு கைடு சொல்லியிருக்காங்க."

"பேப்பரை முழுசா படிச்சியாடா?"

"ரிசல்ட் டேபிள் பார்த்தேன் மாமா."

அவனைத் திட்டி பிரயோஜனம் இல்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தொடங்கும் பிள்ளைகளுக்கு நம்ம ஊரில் கிடைக்கும் அறிவுரை அப்படிப்பட்டது. ஒரு பேஸ் பேப்பர் எடு. அதை 'எக்ஸிஸ்டிங் சிஸ்டம்' என்று போட்டு நாலு குறை எழுது. பக்கத்தில் 'ப்ரொபோஸ்டு சிஸ்டம்' ஒன்றை நிறுத்து. கடைசி ஸ்லைடில் நம்ம பார் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். இந்த முறையில் சுமாரான ப்ராஜெக்ட் வருவது கூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. பேஸ் பேப்பரைப் படிக்காமலேயே முடித்துவிடலாம் என்பதுதான் வருத்தம்.

அவன் எடுத்த பேப்பரையே பார்ப்போம். மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே மூவரும் 2016-ல் எழுதியது. பிளான்ட்வில்லேஜ் என்ற தொகுப்பின் 54,306 இலைப் படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள், மொத்தம் 38 வகைகள். இதில் 99.35% என்பது தொகுப்பிலேயே ஒதுக்கி வைத்த படங்களில் வந்த முடிவு. அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. வேறு சூழலில் எடுத்த சுமார் 120 படங்கள் கொண்ட இரண்டு சிறு தொகுப்புகளை வெளியிலிருந்து சேகரித்து அதே மாடலிடம் கொடுத்தார்கள். துல்லியம் 31 சதவீதத்துக்குச் சற்று மேல். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னால் 2.6% வரும், அதற்கு இது பல மடங்கு மேல்தான். ஆனால் தக்காளிக்குப் பூச்சிமருந்து வாங்கப் போகிற விவசாயிக்கு மூன்றில் ஒரு தடவை சரியாகச் சொல்லும் டாக்டர் எதுக்கு?

இதில் எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. தனி இலை, மேல்பக்கம் தெரிகிற மாதிரி, ஒரே மாதிரிப் பின்னணியில் இருந்தால்தான் இது வேலை செய்யும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே இலையின் பல படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிடாமல் இருக்கவும் மெனக்கெட்டார்கள். இந்தக் கவனத்தையெல்லாம் விட்டுவிட்டு 99.35-ஐ மட்டும் நாம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். முதலில் எல்லாப் படங்களையும் திருப்பி, புரட்டி, நகல் பெருக்கிவிட்டு, அதற்குப் பிறகு பயிற்சி, சோதனை என்று பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். படித்த கேள்வியே பரீட்சையில் வந்தால் நானும் நூற்றுக்கு நூறுதான்.

அவன் தேடுகிற கூடுதல் 0.25-க்குக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஐந்தில் ஒரு பங்கை சோதனைக்கு ஒதுக்கினால் கிட்டத்தட்ட 10,860 படங்கள். அதில் 0.25% என்பது 27 படம். நாலு பேர், ஒரு செமஸ்டர், 27 படம். மாடலை மாற்றாமல் ரேண்டம் சீடை மட்டும் மாற்றினால் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்காமல், இதை முன்னேற்றம் என்று சொல்லவே முடியாது.

தொகுப்பைத் திறந்து பார்த்தால் இன்னும் சுவாரசியம். ஆரஞ்சு இலைகள் ஐயாயிரத்துக்கு மேல், அத்தனையும் நோய் வந்தவை. நல்ல ஆரஞ்சு இலை ஒன்று கூட இல்லை. சோயா இலைகளும் ஐயாயிரத்துக்கு மேல், அத்தனையும் ஆரோக்கியமானவை. ஆக ஆரஞ்சு, சோயா படங்களில் மாடல் நோயைப் பார்க்கவே வேண்டாம், செடி என்னவென்று தெரிந்தால் மார்க் வந்துவிடும். 2022-ல் நோயான் என்பவர் இதைவிட ஒரு படி மேலே போனார். இலையை விட்டுவிட்டு, படத்தின் பின்னணியிலிருந்து வெறும் 8 பிக்சல்களை மட்டும் எடுத்து ஒரு மாடலைப் பயிற்றுவித்தார். 49% வந்தது! மேஜையின் நிறத்தை வைத்தே பாதி நோய்களைக் 'கண்டுபிடித்து' விட்டது. ஃபைனல் இயர் மாணவன் ஒருவனால் செய்ய முடியாத வேலையா இது? சந்தேகம் வந்தால் போதும், லேப்டாப்பிலேயே செய்யலாம்.

அந்த 14 பயிர்களில் நெல் இல்லை, வாழை இல்லை, நிலக்கடலை இல்லை. ப்ளூபெர்ரி இருக்கிறது. "தமிழக விவசாயிகளுக்கு உதவும்" என்று அறிமுகப் பகுதியில் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, அவனுக்கு நான் என்ன சொன்னேன்? டைட்டிலை மாற்றாதே. முதல் இரண்டு வாரம் கோலாபில் உட்கார்ந்து 99-ஐ நீயே வரவழை. புதுசாக எதையும் சேர்க்காதே. வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்பதே உன் முதல் ரிவ்யூ. வந்துவிட்டால் போனை எடுத்துக்கொண்டு தக்காளித் தோட்டத்துக்குப் போ. காலையில், உச்சி வெயிலில், மண் பின்னணியில், கை நிழல் விழுகிற மாதிரி நூறு படம் எடு. மாடலிடம் கொடு. எந்த நோயை எதுவாக நினைத்துக் குழம்புகிறது, பின்னணியை வெட்டிவிட்டால் ஏறுகிறதா, பயிற்சியில் ஐம்பது தோட்டப் படங்களைச் சேர்த்தால் எவ்வளவு ஏறுகிறது என்று பார். "தொகுப்பில் 99, பாலக்கோட்டுத் தோட்டத்தில் இவ்வளவு, காரணம் இது" என்று சொல்ல முடிந்தால் அதுதான் ஆராய்ச்சி.

"கம்மியா வந்தா மார்க் போடுவாங்களா மாமா?"

நியாயமான கேள்வி. போடாத ஆட்களும் உண்டு. என் காலத்தில் முக அடையாள வருகைப்பதிவு என்று ஒன்று செய்து, பயிற்சி கொடுத்த அதே போட்டோக்களில் சோதித்து 98% என்று போட்டவன் நான். வைவாவில் ஒருத்தரும் கேட்கவில்லை, நல்ல மார்க் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு சீனியர், "டெஸ்ட் டேட்டா எங்கேருந்து வந்துச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அதனால் அவனுக்கு ஒரு தந்திரம் சொன்னேன். இரண்டு எண்ணையும் ஒரே ஸ்லைடில் போடு, 99-ஐ முதலில் சொல். எண் பார்க்கிறவருக்கு எண் கிடைக்கும், கேள்வி கேட்கிறவருக்குக் கேள்வி கிடைக்கும். முதல் ரிவ்யூவுக்கு முன்னாடியே கைடிடம் இதைப் பேசிவிடு, கடைசி நாளில் அவருக்கு அதிர்ச்சி கொடுக்காதே.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் பதினோரு இலைப் படங்கள் வந்தன. இரண்டில் அவன் கட்டைவிரலும் இருக்கிறது. கீழே ஒரு கேள்வி: "மாமா, இது முன் கருகலா பின் கருகலான்னு தோட்டக்காரருக்கே சந்தேகமா இருக்கு. நான் என்ன லேபிள் போடறது?"

வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை போகிறான்.