போர்வையில் ஒளித்துவைத்த வழி

அமெரிக்கக் குயில்ட் போர்வைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருத்தர் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். அடிமைகள் தப்பிப்போவதற்காகப் போர்வைகளை வேலியில் காயப்போட்டு, அதிலுள்ள டிசைன் வழியாக ரகசியமாக வழி சொன்னார்களாம். ‘மங்கி ரெஞ்ச்’ என்றால் கருவிகளை எடுத்துவை. ‘பேர்ஸ் பா’ என்றால் கரடியின் தடத்தில் போ. 1999இல் ஜாக்குலின் டோபினும் ரேமண்ட் டோபார்டும் எழுதிய ‘ஹிடன் இன் ப்ளெய்ன் வியூ’ இந்தக் கதையைப் பள்ளிக்கூடம்வரை கொண்டுபோனது. ஆதாரம், சார்ல்ஸ்டன் சந்தையில் குயில்ட் விற்ற ஒரு பெண் சொன்ன குடும்பக் கதை.

வாய்மொழி என்பதால் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 1930களில் முன்னாள் அடிமைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாய்மொழியையும் பதிவு செய்திருக்கிறார்கள்; அதில் இந்தச் சங்கேதம் இல்லை. இன்னொன்று, இந்த விளக்கங்கள் டிசைனின் வடிவத்தில் இல்லை, பெயரில் தொங்குகின்றன. பெயரோ ஊருக்கு ஊர் மாறும். ஓஹாயோவில் ‘கரடிப் பாதம்’, லாங் ஐலண்டில் ‘சேற்றில் வாத்துக்கால்’, ஃபிலடெல்ஃபியா குவேக்கர்களிடம் ‘நட்பின் கை’. தையல் ஒன்றுதான். கோடு எழுதிப் பிழைக்கிறவனாகச் சொல்கிறேன், இப்படி ஒரு சங்கேதத்தை நம்பி யாரும் காட்டுக்குள் இறங்க மாட்டார்கள்.

நிறையப் பெயர்கள் நமக்கு வந்து சேர்ந்ததே பிற்பாடு அச்சு வழியாகத்தான். ‘கேன்சஸ் சிட்டி ஸ்டார்’ பத்திரிகை மட்டும் 1928 முதல் 1961 வரை டிசைன்களை வெளியிட்டது.

எனக்கு உறுத்துவது வேறு. போர்வைக்குள் ஒரு ரகசியம் இருந்தால்தான் அதைத் தைத்தவளை மதிப்போம் என்பது என்ன நியாயம்? ஹேரியட் பவர்ஸ் எதையும் ஒளித்துவைக்கவில்லை. 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த அவருடைய போர்வையை 1886இல் ஏதென்ஸ் பருத்திக் கண்காட்சியில் பார்த்த ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தரமாட்டேன் என்றுவிட்டார். சில வருஷம் கழித்துக் கஷ்டம் வந்தது. மாட்டுவண்டியில், சுத்தமான மாவுப் பையில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பத்து டாலர் கேட்டார், ஐந்துதான் கிடைத்தது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று அவரே சொன்னார், ஸ்மித் எழுதிக்கொண்டார். போர்வை இப்போது ஸ்மித்சோனியனில் இருக்கிறது.

விற்ற பிறகும் அதைப் பார்க்க அவர் பலமுறை ஸ்மித் வீட்டுக்குப் போய்வந்தார்.