சிம்போர்ஸ்கா இன்னும் வாசிக்கப்படுவது ஏன்?

போலந்துக் கவிஞர் விஸ்லாவா சிம்போர்ஸ்கா 2012 பெப்ரவரியில் மறைந்தார். 88 வயதுவரை வாழ்ந்தும் அவர் வெளியிட்ட கவிதைகள் ஏறத்தாழ 350தான். செஸ்லாவ் மிலோஷ் அவரைவிட அகலமானவர். ஸ்பிக்னியெவ் ஹெர்பெர்ட் அவரைவிடக் கண்டிப்பானவர். அவர்களை மதிக்கிறோம், ஆனால் சிம்போர்ஸ்காவைத்தான் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கிறோம். நானும் அப்படித்தான், ஆங்கில மொழிபெயர்ப்பு ஊடாக.

எளிமைதான் காரணம் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. எளிமையாக எழுதிய எத்தனையோ பேரை இப்ப யாருக்கும் ஞாபகமில்லை.

அவரது தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். 1952இல் வந்த முதல் தொகுதி ஸ்டாலின் காலத்து அரசு விரும்பிய மாதிரியே எழுதப்பட்டது. லெனினைப் போற்றும் கவிதையும் அதில் உண்டு. எல்லாம் தெரிந்துவிட்ட குரல் அது. 1957இல் வந்த தொகுதியில் அந்தக் குரல் இல்லை. 1966இல், மெய்யியலாளர் கோவகோவ்ஸ்கியைக் கட்சி வெளியேற்றியபோது, சிம்போர்ஸ்காவும் கட்சியை விட்டு விலகினார். 1996இல் நோபல் பரிசு கிடைத்தபோது ஆற்றிய உரையில் அவர் தூக்கிப் பிடித்தது 'எனக்குத் தெரியாது' என்ற சின்ன வசனத்தை. கொடுங்கோலர்களுக்கும் வெறியர்களுக்கும் எல்லாம் தெரியும், அதுதான் பிரச்சினை என்பது அவர் கட்சி. சும்மா அடக்கத்துக்குச் சொன்ன பேச்சல்ல இது. 'தெரியும்' என்று ஒருகாலம் எழுதியவர் சொன்னது. அதனால்தான் அதற்கு எடை.

இந்த எடையை 1993இல் வந்த 'முடிவும் தொடக்கமும்' தொகுதியில் காணலாம். தலைப்புக் கவிதையில் வீரர் இல்லை, தியாகி இல்லை. யுத்தம் முடிந்த பின் கூட்டித் துடைக்க வேண்டியவர்கள்தான் இருக்கிறார்கள். இடிபாட்டை ஒதுக்க வேண்டும், பிணவண்டிக்கு வழிவிட வேண்டும், கதவைத் திரும்ப மாட்ட வேண்டும். கமராக்காரர்கள் அடுத்த யுத்தத்துக்குப் போய்விட்டார்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பல வருடம் கழித்துக் காடு மண்டிய வளவுக்குத் திரும்பிய நம்மட ஆட்களுக்கு இந்தக் கவிதையை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் கவிதை அங்கே நிற்பதில்லை. துப்புரவாக்கியவர்களுக்குப் பிறகு கொஞ்சம் தெரிந்தவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிறகு ஒன்றுமே தெரியாதவர்கள். கடைசியில் எல்லாவற்றின் மேலும் புல் முளைத்துவிடுகிறது. மறந்தவர்களை அவர் ஏசவில்லை. ஞாபகத்தைக் கடமையாக வைத்திருக்கிற ஒரு சமூகத்துக்கு இது கசக்கும். முதல் வாசிப்பில் எனக்கும் கசந்தது. இப்போதும் நான் அவரோடு முழுதாக ஒத்துப்போகவில்லை: காணியும் உறுதியும் பறிபோனவனுக்குப் புல் முளைத்தது ஆறுதலாகுமா? ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை. நடக்கிறதைச் சொல்கிறார்.

குறையும் உண்டு. கடைசி வரியில் மெல்லிய சிரிப்போடு ஒரு திருப்பம் வைப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. பத்துக் கவிதையைத் தொடர்ந்து வாசித்தால், அது வரப்போகிறது என்று முன்கூட்டியே விளங்கிவிடும். கெட்டிக்காரத்தனம் சில இடங்களில் துயரத்தின் முன்னால் வந்து நின்றுகொள்கிறது.

அப்படி நிற்காத ஒரு கவிதை அதே தொகுதியில் இருக்கிறது. அவரது நீண்டகாலத் துணைவரான எழுத்தாளர் கோர்னெல் பிலிப்போவிச் 1990இல் காலமானார். அதற்குப் பிறகு எழுதிய கவிதையில் அவர் பெயரும் இல்லை, கவிஞரின் அழுகையும் இல்லை. ஆள் இல்லாத வீட்டில் ஒரு பூனை மட்டும் இருக்கிறது. வழமையான நேரத்துக்கு வழமையான காலடிச் சத்தம் கேட்கவில்லை என்று அது கோபப்படுகிறது. மனுஷன் வரட்டும், முகம் கொடுக்கிறதில்லை என்று தீர்மானிக்கிறது. மவுத்து என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது.