சரக சங்கிதையின் இரு குரல்கள்

2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், கொரோனாத் தொற்று நம் நாட்டிற் பரவிக்கொண்டிருந்த வேளையில், தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணிமருந்தைப் பெறுவதற்காகக் கேகாலைப் பகுதியிலே ஆயிரக்கணக்கான மக்கள் முண்டியடித்து நின்றனர். அதன் செய்முறை காளியின் அருளாலே தமக்குக் கிட்டியதென அதனைத் தயாரித்தவர் கூறினார். பகிரங்கமாக அதனைப் பருகிக் காட்டிய சுகாதார அமைச்சர் அடுத்த மாதமே தொற்றுக்கு ஆளானார். சுதேச வைத்தியத்தின் வெற்றியென்று அதனைக் கொண்டாடியவர்கள் உண்டு. ஆயுள்வேதம் முழுவதுமே இத்தகையதுதான் என்று எள்ளியவர்களும் உண்டு. இரு சாராரும் அவ்வைத்தியத்தின் மூலநூல்களைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆயுள்வேதத்தின் அடிப்படைகள் நம் வாசகர் பலரும் கேட்டறிந்தவையே. உடல் ஐம்பூதங்களாலானது, வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் அதனை இயக்குவன, உண்ட உணவை அக்கினி செரிக்கச் செய்து, இரசம் முதற் சுக்கிலம் ஈறாக ஏழு தாதுக்களாக ஆக்குகின்றது. இவை தத்தம் அளவில் நிற்றல் சுகம், பிறழ்தல் நோய். பருவத்துக்கும் நிலத்துக்கும் வயதுக்கும் ஏற்ப உணவையும் ஒழுக்கத்தையும் அமைத்து அச்சமநிலையைப் பேணுதல் வைத்தியத்தின் முதற்பணி. இக்கோட்பாடு இன்றைய உடற்றொழிலியலுக்கு ஈடாக நிற்கவல்லதன்று. நுண்ணுயிர்களை அறியாத காலத்திலே, கண்டவற்றை ஒழுங்குபடுத்தி விளங்கிக்கொள்ள எழுந்த கருதுகோள் அது. ஆயினும் நோயின் காரணத்தை மனிதனின் உணவிலும் தொழிலிலும் சூழலிலும் தேட முற்பட்டமை அக்காலத்தில் ஒரு பெரும் பாய்ச்சல் என்பதை மறுத்தல் இயலாது.

சரக சங்கிதை மணி, மந்திரம், பலி, விரதம் ஆகியவற்றைச் சார்ந்த சிகிச்சையைத் தெய்வத்தின்பாற்பட்டது என்றும், உணவையும் மருந்தையும் ஆராய்ந்து பயன்படுத்துவதை யுக்தியின்பாற்பட்டது என்றும் வேறாகப் பெயரிடுகின்றது. தேவிபிரசாத் சட்டோபாத்தியாயர் 1977இல் வெளியிட்ட தமது நூலில், யுக்திநெறியே இவ்வைத்தியத்தின் உயிர்நாடி என்றும், சமயப் பகுதிகள் சாத்திரக் காவலரிடமிருந்து தப்புதற்காகப் போர்த்த போர்வை என்றும் வாதிட்டார். அவர் சுட்டும் பகை கற்பனையன்று. மநு தரும சாத்திரம் வைத்தியனின் சோற்றைச் சீழுக்கு ஒப்பிடுகின்றது. சிராத்தத்தில் அவனை விலக்குகின்றது. எல்லாச் சாதியாரையும் தொட்டுப் பார்க்க வேண்டியவன் அவன். மூலிகைகளின் பெயரையும் வடிவையும் ஆடு மாடு மேய்ப்போரும் வனவாசிகளும் அறிவர் என்று சரகமே ஒப்புக்கொள்கின்றது. அத்தகைய அறிவை வருணாசிரமக் காவலர் எவ்வாறு பொறுப்பர்? எனினும் போர்வையும் உடலும் அத்துணை எளிதிற் பிரித்தெடுக்கக்கூடியன என நாம் கருதவில்லை. விமானத்தானத்தின் மூன்றாம் அத்தியாயம் இதற்குச் சான்று.

கங்கைக் கரையிலே, காம்பிலிய நகரத்தருகே, புனர்வசு ஆத்திரேயர் மாணவருடன் உலாவுகின்றார். கொள்ளைநோய் ஒன்று வரவிருக்கின்றது, நிலம் சாரமிழக்குமுன் மூலிகைகளைச் சேகரித்து வையுங்கள் என்கின்றார். அப்போது அக்கினிவேசன் ஒரு கேள்வி எழுப்புகின்றான். மக்கள் உடலமைப்பால், உணவால், வலிமையால், வயதால் வேறுபட்டவர்கள். அவ்வாறாயின் ஒரே நோய் ஒரே வேளையில் ஒரு நாட்டையே அழிப்பது எங்ஙனம்? ஆளுக்காள் வேறுபடும் தோஷங்களைக் கொண்டு நோயை விளக்கும் கோட்பாட்டின் நலிந்த இடத்தை மாணவன் நேராகத் தொட்டுவிட்டான்! ஆசிரியர் அவனை அடக்கவில்லை. காற்று, நீர், நிலம், காலம் ஆகிய நான்கும் எல்லார்க்கும் பொது, அவை கெடுமிடத்து எல்லாரும் கெடுவர் என விடையளிக்கின்றார். நாற்றமெடுத்த, பறவைகள் நீங்கிய, நீர்வாழுயிர்கள் அருகிய நீரை அவர் விவரிக்கும் பகுதி கூர்ந்து நோக்கிய கண்ணின் பதிவு.

இந்நான்கும் கெடுவது எதனால் என அடுத்து வினவ, அதருமத்தால் என்கின்றார். இங்கே தெய்வக் குரல் புகுந்துவிட்டது என நாம் நூலை மூடிவிடலாகாது. நாட்டையும் நகரத்தையும் தலைமைதாங்கி நடத்துவோரின் முறைகேட்டில் அதருமம் தொடங்கி, அவரை அண்டியவர்க்கும் வணிகர்க்கும் பரவுவதாக நூல் கூறுகின்றது. ஆள்வோரின் தவற்றுக்கு ஆளப்படுவோர் நோயால் விலை கொடுக்கின்றனர் என்னும் அனுபவ உண்மை, தேவர்கள் கைவிட்டனர் என்னும் சமய மொழியிற் பேசப்படுகின்றது. இரு குரலும் ஒரே வாயிலிருந்து எழுகின்றன.

அதே அத்தியாயம் ஆயுள் விதிக்கப்பட்டதா என்றும் ஆராய்கின்றது. அவ்வாறாயின் மருந்தெதற்கு, மதயானையைக் கண்டு விலகுவதெதற்கு எனக் கேட்கின்றது. நல்ல வண்டியின் அச்சு உரிய காலத்தில் தேய்ந்து முடியும், அளவுக்கு மிஞ்சிய பாரத்தாலும் கரடுமுரடான பாதையாலும் இடையிலே முறியும், ஆயுளும் அத்தகையதே. பாரம் சுமந்து இடைவயதில் முறிந்துபோகும் தொழிலாளியை ஊழ்வினையின் பெயரால் தேற்றுவோர் இவ்வுவமையைப் படித்திருக்கமாட்டார்கள்.

யுக்தியைப் போற்றுவோர் சோதனைக்கு அஞ்சவேண்டியதில்லை. சர்ப்பகந்தி வேர் குருதியமுக்கத்தைத் தணிக்குமென 1931இல் இந்திய மருத்துவர் இருவர் எழுதினர்; 1952இல் சுவிற்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து றெசேர்பீன் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் பயனோடு பக்கவிளைவுகளும் வெளிப்பட்டமை சோதனையின் பேறேயாம். காளியின் பெயரால் வரும் மருந்துக்கு இவ்வழி அடைபட்டிருக்கின்றது.

சூத்திரத்தானத்தின் பதினைந்தாம் அத்தியாயத்தையும் ஈண்டுச் சுட்டவேண்டும். அரசர்க்கும் செல்வர்க்கும் வமன சிகிச்சை செய்யுமுன் காற்றோட்டமுள்ள மனை, சமையலறை, பணியாளர், பாடவும் கதைசொல்லவும் வல்லோர், கறவைப்பசு என அது அடுக்கிச் செல்கின்றது. பின்னர் திடீரென, எல்லார்க்கும் எல்லா வசதியும் வாய்ப்பதில்லை, ஆனாற் கொடிய நோய் ஏழையை விட்டுவைப்பதுமில்லை, ஆதலின் அவன் தனக்குக் கிட்டிய மருந்தை உண்ணட்டும் என்கின்றது. செல்வனுக்கான பட்டியல் நீண்டு செல்ல, ஏழைக்குக் கிடைத்தவை இரண்டொரு சுலோகங்களே.