ஹெரால்டு இன்ஜின் பேசுவதைக் கேட்பது எப்படி?

சென்னையில் 1961 முதல் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், தஞ்சைப் பக்கம் இன்றும் ஏதாவது ஒரு வீட்டுக் கொட்டகையில் நிற்கலாம். நின்றால் அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். அதை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே வகை இன்ஜினைப் பெரிதாக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது.

ஹெரால்டு உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பாகங்கள் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் 'இதை மாத்திப் பார்ப்போம், அதை மாத்திப் பார்ப்போம்' என்ற வைத்தியம் இங்கே செல்லாது. முதலில் நோயைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையை அருகிலிருந்து பார்ப்பது தனி ரசனை.

எப்படி நின்றது?

நல்ல மெக்கானிக் ஸ்பானரை எடுக்குமுன் கேட்கும் கேள்வி, "எப்படிங்க நின்னுச்சு?" சட்டென்று நின்றிருந்தால் அவருடைய சந்தேகம் தீப்பொறி தரும் பாயிண்ட், கண்டென்சர், காயில் பக்கம் போகும். குலுங்கிக் குலுங்கி, இழுவை குறைந்து நின்றிருந்தால் பெட்ரோல் பக்கம். கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது விவசாயி வாய்க்கால் கரையோடு மேலே நடந்து அடைப்பைத் தேடுவதுபோல, அவர் கார்புரேட்டரில் தொடங்கி பம்ப், குழாய், டேங்க் என்று பின்னோக்கிப் போவார். எந்த இடத்தில் பெட்ரோல் வருகிறது, எந்த இடத்தில் வரவில்லை என்று கவனியுங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் கோளாறு.

காதைத் தீட்டுங்கள்

ஹெரால்டின் பானெட், மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே இன்ஜினைப் பார்க்கலாம். 948 சிசி, நான்கு சிலிண்டர், தீப்பொறி வரிசை 1-3-4-2. ஏதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் 'மிஸ்ஸிங்' இருந்தால் மெக்கானிக் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் இன்ஜின் ஓட்டம் தளரும். எந்த சிலிண்டரின் வயரைக் கழற்றும்போது ஓட்டம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

மேலே மெல்லிய 'டிக் டிக்' கேட்டால் பெரும்பாலும் டேப்பட் சத்தம். டேப்பட் இடைவெளி 0.25 மி.மீ. இருக்க வேண்டும். அடியிலிருந்து, பாரம் இழுக்கும்போது கனத்த 'டொக் டொக்' வந்தால் பேரிங்காக இருக்கலாம். வண்டியை உடனே நிறுத்திவிடுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் முன்பக்க புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி அது முன்னே நகர்ந்தால், கிராங்கைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இந்த இன்ஜின் குடும்பத்தின் பேர்போன பலவீனம் இது.

புகையும் பிளக்கும்

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை, பெட்ரோல் அதிகம். சூடான பிறகும் வெள்ளைப் புகை ஓயாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். கழற்றிய பிளக்கின் நுனி இளம் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம்.

டெல்டாவின் கைவரிசை

தை, மாசி அறுவடையில் சாலையில் பறக்கும் வைக்கோல் தூசும் பதரும் ரேடியேட்டர் இடுக்குகளை அடைக்கும். இன்ஜின் சூடேறினால் முதலில் அங்கே பாருங்கள். சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றால், பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிட்டாலே போதும். 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயாபிரத்தையும் அரிக்கும். எத்தனாலைத் தாங்கும் ரப்பருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் எத்தனை பாகம் மாற்றினார் என்று பாருங்கள். ஒரே ஒரு கண்டென்சரோடு வண்டி ஓடினால், கூலியோடு பாராட்டையும் தாராளமாகக் கொடுங்கள். அடுத்த முறை பிள்ளைகளையும் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை அவர் வாயாலேயே அவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.