ஆட்டுக் களவும் ஆன்கன்றும்

வள்ளுவரையும் கன்பூசியசையும் ஒப்பிட்டு எழுதப்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்வன. கல்வியைப் பற்றி இவர் சொன்னதை அவரும் சொன்னார். நட்பைப் பற்றியும் அவ்வாறே. ஆகவே சான்றோர் உள்ளம் எங்கும் ஒன்றே என்று முடியும். கேட்பதற்கு இனிமைதான், ஆயினும் இருவருள் ஒருவரையேனும் அது நமக்கு விளக்குவதில்லை. சான்றோர் ஒத்துப்போகும் இடங்கள் எளியவை. அவர்கள் பிரியும் இடத்திலேதான் ஒரு மரபின் உயிர்நாடி புலப்படும். அத்தகைய ஓரிடத்தை ஈண்டு எடுத்துக்கொள்வோம். அது ஒரு வினா: நம்மவர் தவறு செய்தால் நாம் செய்யத்தக்கது யாது?

தந்தையும் மகனும்

கன்பூசியஸ் கி.மு. 551 முதல் 479 வரை வாழ்ந்தவர். அவர்தம் உரையாடல்களை மாணாக்கர் வழியினர் தொகுத்த நூல் 20 பகுதிகளை உடையது. அதன் பதின்மூன்றாம் பகுதியில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. ஷெ என்னும் பகுதியின் தலைவர், தம் ஊரில் நேர்மையே உருவான ஒருவன் இருப்பதாகப் பெருமை பேசுகிறார். அவன் தந்தை ஓர் ஆட்டைக் கவர்ந்தபோது மகனே முன்வந்து சான்று கூறினானாம். கன்பூசியஸ் இதனைப் பாராட்டவில்லை. தம் நாட்டில் தந்தை மகனையும் மகன் தந்தையையும் மறைப்பர் என்றும், நேர்மை அதனுள்ளேயே அடங்கும் என்றும் விடையிறுத்தார்.

இவ்விடையைக் களவுக்குத் துணைபோதல் என்று தள்ளிவிடுவது பொருந்தாது. பெற்றோர் பிழைசெய்யின் மகன் பணிவுடன் இடித்துரைக்க வேண்டும் என்று அவரே வேறோரிடத்தில் கூறுகிறார். அன்பு வீட்டில் தொடங்கி வெளியே பரவுவது. வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் வார்க்க இயலாது என்பதே அவர் கருத்து எனலாம்.

அவர் வழிவந்த மென்சியஸ் இச்சிக்கலை இன்னும் கூர்மையாக்கினார். அறச் செம்மலாகிய ஷுன் பேரரசராக இருக்குங்கால் அவர் தந்தை கொலை செய்தால் என்னாகும் என்று மாணாக்கர் வினவினார். நீதிபதி கைதுசெய்வார், அரசர் அதனைத் தடுக்கமாட்டார் என்றார் மென்சியஸ். ஆனால், தேய்ந்த செருப்பை எறிவதுபோல் அரசைத் துறந்து, தந்தையை முதுகிற் சுமந்து கடற்கரைக்கு ஓடி மகிழ்ந்து வாழ்வார் என்றும் சேர்த்தார். அரியணையில் இருந்துகொண்டு உறவைக் காத்தல் ஆகாது. உறவைக் காக்க வேண்டின் அரியணையை விடுக. மறைப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மென்சியஸ் உணர்ந்திருந்தார்.

மறுத்தவர்கள்

சீனச் சிந்தனை என்றவுடன் கன்பூசியஸ் ஒருவரையே நினைப்பது நம் வழக்கம். அவர் நாட்டிலேயே அவரை மறுத்தோர் பலர். மோ ட்சு, தம்மவர் பிறர் என்னும் வேறுபாடின்றி யாவரிடத்தும் ஒத்த அன்பு வேண்டும் என்றார். அவர் நெறியின் தலைவராக விளங்கிய பூ துன் என்பவர் சின் நாட்டில் வாழ்ந்தார். அவருடைய ஒரே மகன் ஒருவனைக் கொன்றான். தலைவரின் முதுமை கருதி மன்னர் ஹுயி மன்னிப்பளித்தார். பூ துன் அம்மன்னிப்பை ஏற்கவில்லை. கொன்றவன் சாக வேண்டும் என்பது தம் நெறியின் சட்டம் என்று கூறி மகனைக் கொலைத் தண்டனைக்கு உட்படுத்தினார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டுத் தொகுப்பு நூலொன்று இதனைக் கூறுகிறது.

சட்டவாதியாகிய ஹான் பெய் அதே ஆட்டுக் கதையை எடுத்து வேறு முடிவு கண்டார். அரசனுக்கு நல்ல குடிமகன் தந்தைக்குத் தீய மகன். தந்தைக்கு நல்ல மகன் அரசனுக்குத் தீய குடிமகன். இரண்டையும் ஒருங்கே போற்றும் நாடு நிலைக்காது என்றார். லாவோ ட்சுவின் 81 இயல்களைக் கவிஞர் சி. மணி தமிழில் தந்திருக்கிறார். அந்நூலோ இவ்வழக்கிற்குள் புகுவதே இல்லை. குடும்பத்தில் இசைவு குலைந்த பின்னரே பெற்றோர் பக்தி பேசப்படுகிறது என்று நோயின் மூலத்தைச் சுட்டி ஒதுங்கிவிடுகிறது.

வரலாற்றில் வென்றது கன்பூசியசின் விடையே. கி.மு. 66இல் ஹான் பேரரசர் ஷுவான் உறவினரை மறைப்போருக்குச் சட்டத்தில் இடமளித்தார். மாறாக, நம் நாட்டின் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் கணவன் மனைவியரிடை நிகழும் பேச்சுக்கே காப்பளித்தது; தந்தை மகன் உறவுக்கு அக்காப்பு இல்லை.

தமிழ் மரபின் விடை

பூ துன் கதையைப் படிக்கும் தமிழர் எவர்க்கும் மனுநீதிச் சோழன் நினைவுக்கு வருவான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் முன் தன் ஊரைச் சொல்லுங்கால், ஆன்கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் குறிக்கிறாள். சேக்கிழார் அதனைத் திருவாரூரில் வைத்து விரித்துரைக்கிறார். ஈழத்து மகாவமிசமும் சோழ நாட்டினின்று வந்த எல்லாளன்மீது இக்கதையை ஏற்றிக் கூறுகிறது.

எனினும் இரு கதைகளும் முற்றும் ஒன்றல்ல. பூ துன்னின் மகன் கொலைஞன். சோழன் மகனோ, துள்ளி வந்த கன்று தேர்க்காலிற் பட்டதால் பழி சுமந்தவன். அங்கே இறந்தவன் மனிதன். இங்கே வாயில்லாப் பசுவின் கன்று. ஆகவே தமிழ்க் கதை இன்னும் கடுமையானது. அக்கடுமையைச் சேக்கிழாரே உணர்ந்தார் என்பது நம் கருத்து. ஆணையை நிறைவேற்ற மனமின்றி அமைச்சர் உயிர் துறக்கிறார்; இறுதியில் இறையருளால் யாவரும் எழுகின்றனர். ஆயினும் நீதி முடிந்த பின்னரே அருள் வருகிறது. நீதிக்கு மாற்றாக அன்று.

வள்ளுவர் எப்பக்கம் நிற்கிறார்? 133 அதிகாரங்களில் பெற்றோரைப் பேணுதற்கென்று தனி அதிகாரம் ஒன்றும் இல்லை. சீனத்திலோ அதற்கெனத் தனி நூலே உண்டு. வள்ளுவர் உறவை மறந்தவரல்லர். சுற்றந்தழாலுக்கு ஓர் அதிகாரம் வைத்தவர். ஆயினும் வினைத்தூய்மையில், ஈன்றவளின் பசியைக் காண நேர்ந்த மகனுக்கும் பழிக்குரிய செயலை அவர் விலக்குகிறார். நடுவு நிலைமை என்பது பகைவர், அயலார், நண்பர் என்னும் மூவரிடத்தும் ஒரு தன்மையாய் நிற்றல் எனப் பரிமேலழகர் விளக்குவார்.

குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையாகும் என்று வள்ளுவர் கூறினாரே, தந்தையை மறைப்பது அதில் அடங்காதோ எனச் சிலர் வினவலாம். அடங்காது. ஆட்டை இழந்தவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்குத் தீங்கு நேர்ந்திருக்க, அந்நன்மை குற்றமற்றதாதல் எங்ஙனம்? கன்பூசியசின் உரையாடலில் தந்தை உண்டு, மகன் உண்டு. ஆட்டுக்கு உரியவன் மட்டும் பேசப்படவில்லை. அவனையும் கணக்கிற் கொள்வதே வள்ளுவம் என்க.

நமக்கு இதனால் ஆவது

மர்பி டவுன் போன்ற இடங்களில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டு வழக்கன்று. ஊர்விட்டு ஊர் வந்தோர்க்கு உறவும் ஊர்க்காரருமே முதல் அரண். வேலையும் வாடகை வீடும் பெண்ணுக்கு வரனும் பெரும்பாலும் அவ்வழியே வந்தன. ஆதலின் நம்மவர் பிழையை மூடுவது நன்றிக்கடன் போலவே நமக்குத் தோன்றும். அலுவலகக் கோப்பிலும் சங்கத் தேர்தலிலும் குடியிருப்புச் சண்டையிலும் கன்பூசியசின் விடை நம்மை இழுக்கத்தான் செய்கிறது. அதிலுள்ள அன்பை நாம் இகழ வேண்டுவதில்லை. வீட்டினுள் இடித்துரைக்கும் கடமையையும் அவர் உடன்வைத்தார் என்பதை மறவாதிருப்போம். ஆனால், வெளியே ஒருவன் ஆட்டை இழந்து நிற்கிறான். அவன் வேறு மொழி பேசுபவனாகவும் இருக்கலாம்.

நமக்கு அண்மையில் அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் வள்ளுவர் சிலை, 1991 முதல் மூடப்பெற்றிருந்து, 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துக் கன்னடச் சான்றோர் சர்வக்ஞர் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பெற்றது. தம் நூலில் தமிழ் என்ற சொல்லையே கையாளாத ஒருவர், அயலார் நிலத்திலும் அயலாராகாமல் நிற்கிறார். அவரை நம்மவர் என்று பெருமை பேசுவது எளிது. ஆட்டை இழந்தவன் பக்கமும் செவிசாய்க்கும்போதே நாம் அவருக்கு உரியவர் ஆவோம்.